நாற்பத்து நான்காவது கேம்

கம்ப்யூட்டருக்குள் ஹார்டு டிஸ்க்குக்கு மூச்சு முட்டியது. கதிரேசன் தன் சிநேகிதர்களிடம், "செம கேம், கட்டாயம் ஆடிப் பாருங்க" என்று சிபாரிசு செய்த நாற்பத்து மூன்று கேம்களையும் அதுதான் சுமந்தது. அவன் ஒன்றைக்கூடத் திறந்ததில்லை. தினமும் ஆடியது பழைய கேரம் மட்டுமே.

இப்போது நாற்பத்து நான்காவது வந்து நின்றது.

"இடமே இல்லையேப்பா," என்று முனகியது ஹார்டு டிஸ்க்.

"கொஞ்சம்தான் பத்தலையாம். ஒண்ணை அழிக்கச் சொல்றான்," என்றது மவுஸ்.

"அப்பாடா! எதை?"

மவுஸ் தயங்கியது. "கேரமை."

"ஐயோ, அவன் ஆடுறதே அது ஒண்ணுதானே!"

"ஆமாண்ணே. ஆனா அதை ஆடுறேன்னு வெளியில சொல்லிக்க முடியலையாம்."

ஹார்டு டிஸ்க், கேரம் இருந்த இடத்தைத் துடைத்துவிட்டு, புதிதாய் வந்ததைப் பார்த்து, "வா, வந்து சும்மா உட்காரு" என்றது.