தகரத் தம்பியின் மூச்சு

“உள்ளே இருக்கறவங்களுக்கு மூச்சு முட்டாதா?”

ஆறு வயதில் தான் கேட்ட கேள்வியை மேடையில் அப்படியே சொன்னார் பொறியாளர். அரங்கம் சிரித்தது.

‘தகரத் தம்பி’ என்ற பழைய குழந்தைகள் தொடரின் ரசிகர்கள் ஆண்டுதோறும் கூடும் விழா அது. நரைத்த தலைகள்கூடத் தகரத் தொப்பி மாட்டிக்கொண்டு வந்திருந்தன. மேடையில் மூன்று பேர்: தம்பிக்குக் குரல் கொடுத்த நடிகர், தீயணைப்பு வீரர்களுக்கான சுவாசக் கவசத்தை உருவாக்கிய பொறியாளர், கலந்துரையாடலை நடத்தும் நெறியாளர் அம்மாள். அவர்களுக்குப் பின்னால், கண்ணாடிப் பெட்டியில், தகரத் தம்பியாக ஒருவர் உள்ளே புகுந்து நடித்த குட்டி ரோபோ உடுப்பு.

ஏசி காலையிலேயே கையை விரித்துவிட்டது. இருந்த ஒரே மேசை மின்விசிறியை விழாக்குழுவினர் நெறியாளர் பக்கம் வைத்திருந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டாத அந்தச் சின்ன உருவத்துக்கு அதுவே புயல்காற்று.

“தம்பி என்ன பதில் சொன்னார்?” என்று கேட்டார் நெறியாளர்.

“ஒண்ணும் சொல்லலைங்க. உடுப்புக்குள்ள இருக்கறவங்க பேசக்கூடாது, யாருன்னு வெளியே சொல்லவும் கூடாது. அது அவங்க தொழில் தர்மமாம். ஒரு கடைத் திறப்பு விழா. உச்சி வெயில். எல்லாப் பிள்ளைகளும் தகரத்தைத் தட்டித் தாளம் போடுது. எனக்கு மட்டும் வாய்ப் பக்கத்து ஓட்டையில புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு கேட்டுச்சு. கையில இருந்த காகிதத் தொப்பியால விசிறினேன். எங்கம்மா வந்து காதைத் திருகி இழுத்துட்டுப் போற வரைக்கும் விசிறினேன். திரும்பிப் பார்த்தா, தம்பி நெஞ்சுல கை வச்சு எனக்கு மட்டும் தலை குனிஞ்சாரு.”

பொறியாளர் தொடர்ந்தார். “மூடின கவசத்துக்குள்ள காத்தை எப்படி அனுப்பறதுன்னு அன்னிக்கு யோசிக்க ஆரம்பிச்சேன். இன்னும் நிறுத்தலை.”

சிரிப்பு அடங்கிவிட்டது. முன்வரிசையில் சீருடையோடு வந்திருந்த தீயணைப்பு வீரர் ஒருவர் எழுந்தார். சும்மா நின்றார். அவரைப் பார்த்து அரங்கமே எழுந்து நின்றது.

நெறியாளருக்கு மெய் சிலிர்த்தது. ஒரு குழந்தை விசிறிய காற்று எங்கே கிளம்பி எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது! ஆண்டவன் போடும் கணக்கு யாருக்குப் புரியும்?

“உள்ளே இருந்தது நீங்கதானே சார்?” என்று கூட்டத்திலிருந்து ஒருவர் நடிகரைக் கேட்டார்.

“என் தொப்பைக்கு அது மாதிரி ரெண்டு தகரம் வேணும் தம்பி. குரல்தான் என்னோடது. உடம்பு யாரு பெத்த பிள்ளையோ.”

“நானும் தேடாத இடமில்லை” என்றார் பொறியாளர். “மூணு பேரு நான்தான்னு வந்தாங்க. மூணு பேரும் ஆறடி. இந்த உடுப்புல அவங்க ஒரு கால்தான் நுழையும்.”

நெறியாளர் கையிலிருந்த கேள்வித் தாளைக் கவிழ்த்து வைத்தார். எழுதி வைத்திராத ஒரு கேள்வியைக் கேட்டார்.

“அவர் இப்போ இங்கேயே எழுந்து நின்னு, நான்தான்னு சொன்னா?”

பொறியாளர் யோசித்தார். நெற்றியில் வியர்வை ஊற்றாய் வழிந்தது.

“முன்னேன்னா கால்ல விழுந்திருப்பேன். இப்போ, தெரியாமலே இருந்துடட்டும்னு தோணுதுங்க. பஸ்ல பக்கத்துல உட்கார்றவங்க, மாடிப்படி கழுவறவங்க, யாரைப் பார்த்தாலும் இவங்களா இருக்குமோன்னு ஒரு மரியாதை வருது. இன்னார்தான்னு தெரிஞ்சுட்டா, மத்தவங்களை மறந்துடுவேனோன்னு பயமா இருக்கு.”

நெறியாளர் திறந்த வாயை மூடிக்கொண்டார். பிறகு புன்னகைத்து, “அடுத்த கேள்வி யாரு?” என்றார்.

கடைசி வரிசையில் ஒரு சிறுமி கை தூக்கினாள். எல்லார் கண்ணும் அந்தப் பக்கம் திரும்பியது. அந்த நொடியில் நெறியாளர் மேசை மின்விசிறியைச் சத்தமில்லாமல் பொறியாளர் பக்கம் திருப்பி வைத்தார். அவர் நெற்றி மெல்ல உலர்ந்தது. யாரும் கவனிக்கவில்லை; அவரும்தான்.

அன்று தகரத்துக்குள் மயங்கிச் சரிய இருந்த தன்னை, ஓட்டை வழியே வந்து தாங்கிப் பிடித்த அந்தக் காகிதக் காற்றை, நெறியாளர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.