பெரிய வெட்டு

"நாலே நாலு சின்ன ஓட்டை எண்டுதானே சொன்னனீங்கள்? இப்ப என்ரை மனிசியின்ரை வயித்தைக் கிழிச்சுப்போட்டு வந்து நிக்கிறியள்!"

ஒப்பரேசன் தியேட்டர் வாசலில் மயில்வாகனம் போட்ட சத்தத்தில், வாங்கில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தவர்கள் எல்லாரும் எழும்பிவிட்டார்கள். அவர் நெடுங்கேணிச் சந்தியில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். அதிர்ந்து கதைக்காத மனிதர் என்று ஊரில் பெயர்.

சத்திரசிகிச்சை நிபுணர் நிசாந்தினி தலையிலிருந்த பச்சைத் தொப்பியைக் கழற்றினார்.

"அண்ணை, அழகம்மா அக்கா நல்லா இருக்கிறா. பித்தப்பையைக் கல்லோட எடுத்தாச்சு. தேவையெண்டால் திறக்க வேண்டி வரும் எண்டு முதலே சொன்னனாங்கள்தானே?"

"அது சும்மா ஒரு கதைக்குச் சொல்லுறது எண்டு நினைச்சன். ஏன் திறந்தனீங்கள்?"

"ஈரலுக்கு அடியில ஒரு சின்னப் பள்ளம் இருக்கு, வாய்க்கால் மாதிரி. அதுதான் எங்களுக்கு எல்லை. அதுக்கு மேல நிண்டு வெட்டினால் பயமில்லை. கீழ போனால், ஈரலில இருந்து பித்தம் வாற பெரிய குழாய். அதில கத்தி பட்டால் ஆயுசுக்கும் கரைச்சல். உயிர் போனாலும் போகும். அக்காவுக்கு உள்ளுக்கு எல்லாம் வீங்கி ஒட்டிப்போய்க் கிடந்தது. ஓட்டையால விட்ட கமராவில அந்தப் பள்ளத்தைக் காணேல்லை. காணாமல் எப்பிடி வெட்டுறது?"

"காணத் தெரிஞ்ச டொக்டரைக் கூப்பிட்டிருக்கலாமே!"

நிசாந்தினிக்குச் சுருக்கென்றது. திரும்பி உள்ளே போய்விட்டார்.

ஒப்பரேசன் நடந்தபோது, உதவிக்கு நின்ற டொக்டர் கிருபனுக்கும் முதலில் பொறுமை இருக்கவில்லைதான்.

"இதுதான் பித்தப்பைக் குழாய் போல கிடக்கு டொக்டர். கிளிப்பைப் போட்டு வெட்டுவமே?" என்று கேட்டிருந்தான்.

"போல கிடக்கு எண்டதுக்காக வெட்டேலாது, கிருபன்."

நிசாந்தினி பித்தப்பையை அப்படிப் புரட்டி, இப்படிப் புரட்டிப் பார்த்தார். பள்ளம் தெரியவே இல்லை. கமராவை எடுக்கச் சொல்லிவிட்டுக் கத்தியைக் கேட்டார். வயிற்றைத் திறந்து, ஒட்டியதை மெல்ல மெல்லப் பிரித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. கிருபன் கிளிப் போடக் கேட்டது அந்தப் பெரிய குழாய்க்கு. அவன் கையிலிருந்த கிளிப்பை மெல்லத் தட்டில் வைத்தான்.

இதையெல்லாம் மயில்வாகனத்துக்கு யார் சொல்வது?

பெண்கள் வார்டில் இப்போது அவர்தான் பெரிய ஆள். நோயாளிகளைப் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் வெட்டின் நீளத்தை விரலால் அளந்து காட்டினார். சொல்லும்போதே குரல் உடைந்தது.

"மனிசிக்கு ஒரு தழும்பு வந்ததுக்கு இப்பிடித் துடிக்கிற மனிசனை நான் காணேல்லை மிஸ்," என்றாள் பக்கத்துக் கட்டில் றுக்ஷானா, மருந்து கொடுக்க வந்த தாதியிடம். "என்ரை ஆள் எண்டால், வெட்டினது வயித்திலயோ முதுகிலயோ எண்டுகூடக் கேட்டிருக்க மாட்டார்."

நிசாந்தினியின் காதிலும் இது விழுந்தது. செய்தது சரி என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அந்த மனிதர் கண்ணைத் துடைக்கும்போதெல்லாம் மனதுக்கு என்னவோ செய்தது.

துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் நாளன்று, காயத்தைப் பார்த்துவிட்டு அழகம்மாவின் கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தழும்பு கொஞ்சம் பெரிசாத்தான் இருக்கும் அக்கா. எனக்கு வேறை வழி இருக்கேல்லை. குறை நினையாதேங்கோ."

"எனக்கென்ன குறை?" என்ற அழகம்மா வாசல் பக்கம் ஒருதரம் பார்த்தாள். மயில்வாகனம் தேத்தண்ணி வாங்கப் போயிருந்தார். "ஓட்டையால எடுத்திருந்தால் எப்ப எழும்பி வேலை செய்திருப்பன் டொக்டர்?"

"ஒரு கிழமையில."

"இப்ப?"

"ஒண்டரை மாதத்துக்காவது பாரம் தூக்கக்கூடாது."

அழகம்மா டொக்டரின் கையை எட்டிப் பிடித்தாள். அவளின் உள்ளங்கை காய்த்துப்போய் மரப்பட்டைபோல இருந்தது.

"அதை அவரிட்ட மூண்டு மாதம் எண்டு சொல்லுவியளே?"

"ஏன் அக்கா?"

பதில் வருமுன் மயில்வாகனம் பிளாஸ்குடன் வந்துவிட்டார். அழகம்மா சட்டென்று கையை விட்டுவிட்டுச் சீலைத் தலைப்பைச் சரிசெய்தாள்.

நிசாந்தினி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கூடுதலாக ஓய்வெடுத்தால் யாருக்கும் ஒரு நோயும் வரப்போவதில்லை.

"அண்ணை, வெட்டு பெரிசு," என்றார் எழும்பி நின்று. "மூண்டு மாதத்துக்கு அக்கா பாரம் தூக்கக்கூடாது. குனிஞ்சு நிமிரக்கூடாது. அடுப்படிப் பக்கமே போகக்கூடாது."

மயில்வாகனத்தின் கண்கள் குபுக்கென்று நிறைந்தன. பக்கத்துக் கட்டில் றுக்ஷானாவுக்கே அழுகை வந்துவிட்டது.

"ஐயோ டொக்டர்! அப்ப மூண்டு மாதத்துக்குக் கடையில இடியப்பம் ஆர் பிழியிறது?"