குத்தாத காது

"அஞ்சு பர்சென்ட்டா? போன தடவ ஒண்ணுதானம்மா வாங்குனீங்க?"

"ஆமாங்க சார். இந்த மாசத்துல இருந்து புது சார்ஜுங்க. ஜிஎஸ்டி தனீங்க."

"என் கடனை ஒரு கார்டுல இருந்து எடுத்து இன்னொரு கார்டுல வைக்கப் போற. அதுக்குத் தூக்குகூலி ஏழாயிரத்து ஐநூறா?"

"நானுங்களா வெச்சேன்? மேல இருந்து வந்துருக்குங்க," என்றாள் கிரெடிட் கார்டு விற்கும் நாகஜோதி. "மாத்தறதுன்னா மாசக் கடைசிக்குள்ள சொல்லீருங்க சார்."

பொன்னுச்சாமி போனை வைத்தார். பழைய ஓவர்லாக் தையல் மெஷின் ஒன்று வாங்கிய கடன். ஒன்றரை லட்சம். இரண்டு வருடமாகக் கார்டு விட்டுக் கார்டு மாற்றி வட்டியில்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"மாத்தலேன்னா?" என்றாள் மனைவி பாண்டியம்மாள்.

"மாசம் அஞ்சாயிரம் வட்டி. உன் பனியன் கம்பெனி செக்கிங் சம்பளத்துல பாதி."

"மாத்துனா?"

"ஏழாயிரத்து ஐநூறு. ஆறு மாசம் கழிச்சு மறுபடியும்."

அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். "அப்ப என்னதான் செய்ய?"

"மொய் வாங்குவோம். அருள்புரம் வந்ததுல இருந்து ஒரு விசேஷம் விடாம எழுதியிருக்கோம்ல? திரும்பி வரட்டும்."

"எதச் சொல்லிக் கூப்பிடுவீக? மக சடங்குக்கு வாங்கியாச்சு. வாடகை வீட்டுக்குப் பால் காய்ச்சவா முடியும்?"

"குத்தாத காது ஒண்ணு இருக்கே, இந்த வீட்ல."

பாண்டியம்மாள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினாள்.

"இம்புட்டு நாள் விட்டுட்டு இப்பவா? சொந்தக்காரக என்ன நெனப்பாக?"

"நெனச்சுக்கிட்டே எழுதட்டும்."

"மொட்டை வேற போடணும். முடி எம்புட்டு அழகா இருக்கு."

"முடி முளைச்சுக்கும். வட்டி அப்படியா?"

"நாளைக்கு அவுக வீட்டு விசேஷத்துக்கு நாமளும் திருப்பிச் செய்யணும். ஐநூறு எழுதுனவனுக்கு அறுநூறு. அது ஃபீஸ் இல்லையா?"

"அது மரியாதை. இந்தா பாரு, இதுவும் பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர்தான். பேங்குல இருந்து எடுத்துச் சொந்தக்காரன் தலையில வைக்கிறோம். அவன் ஒரு நாளாச்சும் போன் பண்ணி டியூ டேட்னு சொல்லுவானா?"

அவள் மறுபடி சோற்றைப் பிசைந்தாள். அவளிடம் இன்னொரு கேள்வி இருந்தது.

"தாய்மாமன் வராம எப்படிக் குத்துவீக?"

பொன்னுச்சாமி உசிலம்பட்டிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"மாமா, காதுகுத்து வச்சிருக்கோம். தாய்மாமன் நீங்க. மடி வேணும்."



"மாப்ள, எனக்கு முழங்கால் சரியில்லையேப்பா."

"கொஞ்ச நேரம்தான் மாமா."

"வெயிட்டு எம்புட்டு இருக்கும்?"

"ரொம்ப இல்ல மாமா."

"பொய் சொல்லாதீக," என்றாள் பாண்டியம்மாள் பின்னாலிருந்து.

"அப்பவே குத்தியிருக்கணும், மாப்ள."

"அப்ப நீங்கதான மாமா, பத்திரிகையில பேரு கடைசியா இருக்குன்னு கோவிச்சுக்கிட்டு வரல? மடி இல்லாமத்தான் நின்னு போச்சு."



"சரி, விடு. பழச எதுக்குக் கிளர்ற? வர்றேன். சீரும் கொண்டாறேன். ஆனா குத்துறப்ப துள்ளக் கூடாது, சொல்லிப்புட்டேன்."

மாதத்தின் கடைசி ஞாயிறு. அவிநாசிபாளையம் பக்கம் ஒரு முனியப்பன் கோயில். பந்தலில் கூட்டம் நெருக்கியது. பாண்டியம்மாளின் கம்பெனியிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். மொய் மேசையில் ராபின் மைக்கைப் பிடித்திருந்தான். அவன் பொன்னுச்சாமியிடம் மெஷின் ஓட்டுபவன்.

"கட்டிங் மாஸ்டர் கந்தப்பன் ஆயிரத்து ஒண்ணு! தாய்மாமன் சீர் அரைப் பவுனு, ரொக்கம் இருபத்தஞ்சாயிரம்!"

பாண்டியம்மாள் மேசைப் பக்கம் காதைக் கொடுத்தபடியே வாசலில் சந்தனம் நீட்டினாள். ஒன்றே கால் லட்சம் தாண்டிவிட்டது. இன்னும் கொஞ்சம்தான்.

கழுத்தில் அடையாள அட்டையும் கையில் ஒரு டப்பாவுமாக ஒரு பெண் வந்தாள்.

"வணக்கமுங்க்கா. நான் நாகஜோதிங்க. கார்டு..."

"அஞ்சு பர்சென்ட் பொண்ணா? வாத்தா, வா."

"இனி மாத்த வேண்டாம், மொத்தமாக் கட்டீர்றேன்னு சார் சொல்லிட்டாருங்க. என் டார்கெட் போச்சுங்க. சரி, விசேஷத்துக்குக் கூப்பிட்டாரேன்னு வந்தேனுங்க. அப்படியே இங்க யாராச்சும் கார்டு வாங்குவாங்களான்னும்..."

"மொதல்ல மொய்ய எழுதுங்க மேடம்," என்றான் ராபின்.

அவள் தயங்கி ஐநூறு ரூபாய் எடுத்தாள். ஒரு ரூபாய் தேடி அதையும் வைத்தாள்.

"பேங்க் மேடம் நாகஜோதி, ஐநூத்தி ஒண்ணு! பேங்கே மொய் எழுதுது, சொந்தக்காரங்க யோசிச்சுக்கிடுங்க!"

பந்தல் சிரித்தது. இரண்டு பேர் இரண்டாவது முறையாக மேசைக்கு வந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கூட்டத்தின் நடுவிலிருந்து ஓர் அலறல் எழுந்தது. "துள்ளாத, துள்ளாத," என்று நாலைந்து குரல்கள் கேட்டன.

"பாவமுங்க, ரொம்ப அழுகுது," நாகஜோதி டப்பாவைத் திறந்து காட்டினாள். குழந்தைக்கான பனியன் செட், முயல் படம் போட்டது. "அளவு தெரியாம எடுத்துட்டு வந்துட்டேனுங்க. பையனுங்களா, பொண்ணுங்களா?"

"பையன்தான்," என்று பாண்டியம்மாள் கூட்டத்தை விலக்கினாள். "எங்க மாமியாருக்கு ஒரே பையன்."

பிளாஸ்டிக் நாற்காலியில் எழுபது வயதுத் தாய்மாமன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவர் மடியில், மொட்டைத் தலையில் சந்தனமும் நரைத்த மீசையில் கண்ணீருமாக, அடுத்த காதைப் பொத்திக்கொண்டிருந்தார் பொன்னுச்சாமி.