வரதன் முழுங்கிய இரண்டு லட்சம்

"ரெண்டு லட்சம் முழுங்கினவன் பேர்ல சீட்டு எழுதக் கூடாது! எழுதினா இப்பவே லைவ் போடுவேன்!" என்று செல்போனைத் தூக்கிப் பிடித்துக் கத்தினான் தேவேந்திரன்.

பழவேற்காடு ஏரிக்கரையில் இருந்த அந்தக் குப்பத்தில் அன்று பாடுச் சீட்டு. இறால் பருவத்தில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதை அம்மன் கோயில் முன்னால் சீட்டு எடுத்துத்தான் முடிவு செய்வார்கள். பொதுப் பணத்தில் கைவைத்தவனுக்குச் சீட்டு கிடையாது. சீட்டு இல்லையென்றால் பருவம் முழுக்கக் கரையில் உட்கார்ந்து அடுத்தவன் இறாலை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

நூற்றைம்பது வீடுள்ள ஊருக்கு இரண்டு அரசியல் விமர்சகர்கள் கொஞ்சம் அதிகம். மூன்று வருடத்துக்கு முன்னால் வரதனும் தேவேந்திரனும் ஒரே செல்போனில் ஒரே யூடியூப் சேனல் நடத்தினார்கள். வீடியோ தொடங்கும்போது யார் முதலில் வணக்கம் சொல்வது என்பதில் சண்டை வந்து பிரிந்தார்கள். வரதன் 'உப்புக்காற்று டிவி' ஆனான். தேவேந்திரன் 'ஏரிக்குரல் நியூஸ்' ஆனான். இவன் அவனைக் கைக்கூலி என்பான். அவன் இவனைப் பெட்டி வாங்கியவன் என்பான். பெட்டி கொடுக்கும் அளவுக்கு இவர்கள் இருவரையும் எந்தக் கட்சிக்கும் தெரியாது.

ஏரியின் முகத்துவாரத்தை மண் மூடியபோது, அதைத் தூர்வாரச் சொல்லி ஊர் சார்பாக வழக்குப் போடப்போவதாக இருவருமே தனித்தனியாக நன்கொடை கேட்டார்கள். தகராறு அதில்தான்.

"ஆதாரம் இன்னா?" என்று கேட்டார் ஊர்த்தலைவர் கண்ணப்பன்.

தேவேந்திரன் ஒரு வீடியோவை ஓடவிட்டான். அதில் வரதன் நெஞ்சில் கைவைத்துப் பேசினான். "உறவுகளே, இதுவரைக்கும் ரெண்டு லட்சம் வந்திருக்கு. இன்னும் ஒரு லட்சம் வந்தா கேஸ் போட்டுடலாம்..."

"கேட்டுக்கினீங்களா? அவன் வாயாலயே சொல்றான். அந்த நன்கொடை கணக்கு யார் பேர்ல கீது தெரியுமா? இவன் சொந்தப் பேர்ல! ஸ்கிரீன்ஷாட் வெச்சிருக்கேன்!"

"உன் கணக்கு மட்டும் அம்மன் பேர்லயா கீது? என்கிட்டயும் ஸ்கிரீன்ஷாட் கீதுடா!" என்றான் வரதன்.

கண்ணப்பன் கையைக் காட்டி இருவரையும் அடக்கினார். "வரதா, போனைக் குடு. எவ்ளோ வந்துச்சு, எங்க போச்சுன்னு அம்பிகா பாத்துச் சொல்லட்டும்." அம்பிகா மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறவள். ஒரு ரூபாய் இடித்தாலும் விடமாட்டாள்.

வரதன் போனை மார்போடு அணைத்துக்கொண்டான். "முடியாதுண்ணா."

சீட்டு போனால் ஒரு பருவம் போகும். அடகில் இருக்கும் மனைவி ஜமுனாவின் கம்மல் மூழ்கிப்போகும். எல்லாம் அவனுக்குத் தெரிந்தது. ஆனால் போனைக் காட்டிவிட்டால் இந்தக் குப்பத்தில் இனிமேல் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. அரசியல் பேசிப் பேசி அவன் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: பெரிய தொகையைச் சுருட்டியவனை ஊர் திட்டும், ஆனால் உட்கார நாற்காலி போடும்.

"சரிண்ணா. நான்தான் எடுத்துட்டேன். எனக்குச் சீட்டு வேணாம். துட்டைத் தவணையில கட்டிடறேன்."

குதித்துக் கொண்டாட வேண்டிய தேவேந்திரனுக்கோ முகம் வெளிறிவிட்டது. "ஒத்துக்கினான் இல்ல? இத்தோட வுட்டுடுங்கண்ணா. போனெல்லாம் எதுக்கு?" என்று அவசரமாகச் சொன்னான்.

ஜமுனா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "யோவ், ரெண்டு லட்சமா? என் கம்மலை அடகு வெச்சு உனக்கு மைக் வாங்கிக் குடுத்தேனே! பால் பாக்கெட்டுக்குத் துட்டு கேட்டா 'மக்கள் பணி'ன்னு சொன்னியே! வாரத்துக்கு ரெண்டு தபா மீஞ்சூர் போறியே, அங்க எவளுக்குய்யா குடுத்தே?"

"ஐயோ, மீஞ்சூர்ல நெட்டு நல்லா கிடைக்கும் ஜமுனா. வீடியோ ஏத்தத்தான் போறேன்."

"வாயை மூடு!" அவள் போனைப் பிடுங்கினாள். பூட்டைத் திறக்கத் திரையில் இழுக்கும் கோடு அவளுக்குத் தெரியும். போட்டு, அம்பிகாவின் கையில் கொடுத்தாள்.

"வேணாம் ஜமுனா! சத்தியமா நான் திருடன்தான். என்னை நம்பு!" வரதன் போனை எட்டிப் பிடிக்கப் பார்த்தான். எந்த வீடியோவிலும் அவன் இவ்வளவு உருக்கமாகப் பேசியதில்லை.

அம்பிகா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே பார்த்தாள். கீழிருந்து மேலே பார்த்தாள். போனைத் திருப்பிப் பின்பக்கம்கூடப் பார்த்தாள்.

"எத்தினி நாளா நன்கொடை கேக்கறே?"

"ஒன்றரை வருசமா" என்று தரையைப் பார்த்தபடி சொன்னான் வரதன்.

"ஒன்றரை வருசத்துல மொத்தமா வந்தது ஒரு ரூபா" என்றாள் அம்பிகா. "அனுப்பினது தேவேந்திரன், அந்த ஸ்கிரீன்ஷாட்டுக்காக."

கண்ணப்பன் தேவேந்திரன் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார்.

தேவேந்திரன் போனை அவசர அவசரமாக லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டு, "அண்ணா, நான் மூணு லட்சம் முழுங்கிட்டேண்ணா, என் பேரையும் அடிச்சிடுங்க!" என்று கும்பிட்டான்.