கேட்ட சொற்கள்

பிலவேந்திரன் ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஐந்து நிமிடம். எதுவும் கேட்கக் கூடாது.

அதுதான் பரீட்சை.

மேசைமேல் தீப்பெட்டி அளவில் புதுக் கப்ளர் இருந்தது. சேலத்திலிருந்து ஒரே கண்ணாடி இழையில் இரண்டு ஒளிகள் சேர்ந்து ஓடி வரும். இந்தக் குட்டிப் பெட்டி அவற்றைப் பிரித்து, ஒன்றைத் தர்மபுரிக்கும் மற்றதை இந்த ரிசீவருக்கும் அனுப்ப வேண்டும்.

சேலத்து முனையில் ஆபரேட்டர் குப்புராஜ், முதல் ஒளியில் தர்மபுரிக்காரரோடு பேசிக்கொண்டிருப்பான். இந்த ரிசீவருக்கு வரும் இரண்டாவதில் பேச்சே இருக்காது. எதை வேண்டுமானாலும் பேசு, பேச்சு உங்கள் இருவரைத் தாண்டிப் போகாது என்று அவனிடம் சொல்லியிருந்தார்கள்.

ஒரு சொல்கூடக் கசியவில்லை என்றால், அதியமான்கோட்டை நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் இந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரை டெலிபோன் அறைக்கு இனி ஆள் வேண்டியதில்லை. பூட்டிவிடுவார்கள். பிலவேந்திரனுக்கு மொரப்பூர் ஸ்டோர் ரூம். அங்கே கேபிள் சுருள்கள் உண்டு, எலிகள் உண்டு. போன் கிடையாது.

கசிந்தால் கப்ளர் கம்பெனிக்குத் திரும்பிப் போகும். மாற்று வந்து சேர ஒரு வருடமாவது ஆகும். அது போதும் அவருக்கு. அதற்குள் தொண்ணூறு ஜூனில் ரிட்டயர்மெண்டே வந்துவிடும்.

மனைவி மதலேனம்மாள், மகளின் பிரசவத்துக்கென்று பெங்களூர் போனவள். பேரன் பிறந்து, பேத்தியும் பிறந்து, நான்கு வருடமாக அடுத்த மாதம் வருகிறேன் என்றே கடிதம் எழுதுகிறாள். லாரிகள் நாள் முழுக்க வாசலைத் தாண்டிப் போகின்றன. யாரும் இறங்குவதில்லை.

இருக்கும் ஒரே துணை குப்புராஜின் குரல்தான். முகம் பார்த்ததில்லை. பழைய லைனில் தினமும் பதினோரு மணிக்கு இரைச்சல் என்பார். இவர் புகார் சொல்லக் கூப்பிடுவார். சரியாகும்வரை அவன் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பான். ஏற்காட்டு மழை, மகனுக்கு வராத கணக்கு, சம்சாரம் வைத்த கொள்ளு ரசம்.

காலையில் கப்ளரின் முனையைத் துடைத்து மாட்டச் சொன்னார், பரீட்சைக்கு வந்திருந்த இன்ஜினியர். ஒரு தூசி இருந்தாலும் கசியும் என்றார். துடைக்காமல் விட்டிருக்கலாம். யாரும் பார்க்கவில்லை. ஆனால் முப்பது வருடம் வேலை பார்த்த கை, சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஸ்பிரிட் பஞ்சால் இரண்டு முறை துடைத்தது. தன் கைமேலேயே அவருக்கு எரிச்சல் வந்தது.

அப்படியும் இரண்டாவது நிமிடத்தில் கசிந்தது.

முதலில் முணுமுணுப்பு. பிறகு சொல் சொல்லாகக் குப்புராஜ்.

பிலவேந்திரனுக்குச் சந்தோஷம். மாதாவே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

அவர் முன்னால் ஒரு படிவம் இருந்தது. அதில் ‘கேட்ட சொற்கள்’ என்று ஒரு கட்டம். எது காதில் விழுந்தாலும் விழுந்தபடியே எழுத வேண்டும். பேனாவைத் திறந்து தாளில் வைத்தார்.

குப்புராஜ் பேசிக்கொண்டே போனான்.

பேனா நகரவில்லை.

எதிரே இன்ஜினியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர்தான், விதி என்று வந்துவிட்டால் மட்டும் அப்பன் மகன் பார்க்க மாட்டார். புகார்ப் புத்தகத்தில் ஒரு வரியை விட்டதற்காகப் போன வாரம்தான் ஒருவரைச் சஸ்பெண்ட் செய்திருந்தார்.

ஐந்து நிமிடம் முடிந்தது. இன்ஜினியர் எழுந்து வந்து வெறும் கட்டத்தைப் பார்த்தார்.

“ஒரு சத்தமும் இல்லையா?”

“இல்லீங்க சார். சுத்தமா இருக்குது.”

இன்ஜினியர் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். படிவத்தில் கையெழுத்துப் போட்டார். அறைச் சாவி எத்தனை இருக்கிறது என்று கேட்டார். ஒன்றுதான் என்றார் பிலவேந்திரன், இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

அந்த மூன்று நிமிடமும் குப்புராஜ் தர்மபுரிக்காரரிடம் சொன்னது இவ்வளவுதான்:

“அதியமான்கோட்டை அண்ணங்களா? தெனமும் பதினோரு மணிக்கு லைன்ல எரைச்சல்னு கூப்புடுவாருங்க. ஒரு எரைச்சலும் கெடையாது. பேச ஆளில்லீங்க அவருக்கு. நான் புகார்ப் பொஸ்தகத்துல எழுதறதே இல்ல. கொஞ்ச நேரம் பேசிட்டு, இப்ப சரியாயிருச்சுங்களாண்ணான்னு கேப்பேன். சரியாப் போச்சு கண்ணுன்னு சொல்லுவாரு.”