சம்பந்தமில்லாத வரிகள்

"ஒரு பத்திக்கு ஒரு கருத்து. இதை எத்தனை தடவைடி சொல்றது?"

அமீர் நிஷா டீச்சர் கட்டுரை நோட்டை மேசையில் போட்ட வேகத்தில் பக்கத்திலிருந்த டீ டம்ளர் ஆடியது. எதிரே பத்தாம் வகுப்பு முத்தமிழ் தலைகுனிந்து நின்றாள். அவள் தோளை ஒட்டியபடி அவளுடைய சித்தப்பா மகள் தமிழ்மொழி. ஒரு மாதமாக இந்த இருவரையும் பிரித்து யாரும் பார்த்ததில்லை. ஒருத்தியைத் திட்டக் கூப்பிட்டால் இரண்டு பேர் வந்து நிற்பார்கள். அதுவே டீச்சருக்குப் பாதி எரிச்சல்.

"தலைப்பு என்ன?"

"கடற்கரைத் தூய்மை, டீச்சர்."

"பிளாஸ்டிக் ஒண்ணு, மீன்வளம் ஒண்ணு, மக்கள் பொறுப்பு ஒண்ணு. மூணு கருத்துக்கு மூணு கட்டம் போர்டுல போட்டுக் கொடுத்தேன்ல? கட்டத்துக்குள்ள எழுதுறதுக்கு என்ன வலிக்குது? நீ எழுதினதைக் கேளு. 'குப்பைகள் கரையெங்கும் குவிந்து கிடக்கின்றன. போவதற்கு எனக்கு விருப்பமில்லை. பிளாஸ்டிக் பைகள் மீன்களைக் கொல்கின்றன.' கிளிஞ்சல்மேட்டுல பொறந்த புள்ளைக்குக் கடற்கரைக்குப் போக விருப்பமில்லையாம்!"

தமிழ்மொழி களுக்கென்று சிரித்தாள். முத்தமிழ் சிரிக்கவில்லை.

டீச்சர் சிவப்புப் பேனாவால் அந்த வரியை அடித்து, ஓரத்தில் 'சம்பந்தமில்லை' என்று எழுதினார். ஐந்து வாரமாக ஒவ்வொரு வியாழக்கிழமையும் இந்த நோட்டில் அவர் எழுதும் வார்த்தை அது. செய்யுளில் இவளுக்கு முழு மார்க். இலக்கணத்தில் முழு மார்க். கட்டுரை வந்தால் மட்டும் புத்தி எங்கேயோ மேயப் போய்விடுகிறது.

"தீபாவளி வரைக்கும் ஒழுங்காத்தானே எழுதின? இப்ப என்ன வந்துச்சு? பரீட்சைக்கு ரெண்டு மாசந்தான் இருக்கு. இப்படியே எழுதி ஃபெயிலானா, உங்கப்பா மறுபடியும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவாரா?"

"அனுப்ப மாட்டாங்க, டீச்சர்" என்றாள் தமிழ்மொழி.

"உன்னைக் கேட்கலை."

டீச்சர் பழைய பக்கங்களைப் புரட்டினார். புரட்டப் புரட்டக் கோபம் ஏறியது.

"இது மழைநீர்ச் சேகரிப்பு. 'வீட்டுக்கு வீடு தொட்டி கட்ட வேண்டும். அங்கே தங்க இடமும் மூன்று வேளைச் சாப்பாடும் உண்டு.' எங்கே, தொட்டிக்குள்ளயா? இது உடற்பயிற்சி. 'தினமும் அரை மணி நேரம் ஓட வேண்டும். பெட்டியில் நான்கு சுடிதார் எடுத்து வைத்தாயிற்று.' பெட்டியைத் தூக்கிக்கிட்டு எங்கடி ஓடுறே? யா அல்லாஹ், என்னால முடியலை!"

பக்கத்து மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த கணக்கு சாருக்குப் புரை ஏறியது.

"பக்கத்துக்குப் பக்கம் உங்கப்பா கையெழுத்து இருக்கு. அவரும் படிக்கிறதில்லையா?"

முத்தமிழ் வாய் திறப்பதற்குள் தமிழ்மொழியே சொன்னாள். "பெரியப்பா மேல ஒரு வரி, கீழ ஒரு வரி பார்ப்பாங்க, டீச்சர். நடுவுல பார்க்க மாட்டாங்க."

"அதனாலதான் நடுவுல கொண்டுவந்து குப்பையைக் கொட்டுறா."

முத்தமிழ் முதல் முறையாக நிமிர்ந்தாள்.

"ஆமா, டீச்சர்."

டீச்சருக்குச் சுர்ரென்று ஏறியது. ஒரு மனுஷி தொண்டை வறளக் கத்துகிறாள், இவள் ஆமாம் போடுகிறாள். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவள் முன்னால் தள்ளினார்.

"அப்படியா? அஞ்சு கட்டுரையிலயும் நான் அடிச்ச வரியை மட்டும் வரிசையா இதுல எழுது. மேல தேதி போடு. ஒண்ணோட ஒண்ணு ஒட்டுதான்னு நீயே பாரு. அப்பவாவது வெட்கம் வருதான்னு பார்ப்போம். தமிழ்மொழி, நீ வாசல் பெஞ்சுல போய் உட்காரு. எட்டிப் பார்த்தே, உனக்கும் தாள் கொடுப்பேன்."

தமிழ்மொழி மனமில்லாமல் போய் உட்கார்ந்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. டீச்சர் அடுத்த நோட்டை எடுத்தார். எப்படியும் பத்து நிமிஷம் ஆகும் என்று நினைத்தார்.

இரண்டே நிமிஷத்தில் தாள் அவர் முன்னால் இருந்தது. கட்டுரை நோட்டு, அவர் மூடிவைத்த இடத்திலேயே மூடிக் கிடந்தது.

"பார்க்காமலே எழுதிட்டியா?"

முத்தமிழ் தலையாட்டினாள். விரல்கள் தாவணி நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தன.

டீச்சர் சிவப்புப் பேனாவைத் திறந்து கையில் பிடித்தபடி படித்தார்.

'மில் வேலைக்குப் பெண் பிள்ளைகள் வேண்டும் என்று வந்து கேட்டார்கள். அங்கே தங்க இடமும் மூன்று வேளைச் சாப்பாடும் உண்டு. டிசம்பர் பன்னிரண்டு காலை பூவம் பேருந்து நிறுத்தத்துக்கு வண்டி வரும். பெட்டியில் நான்கு சுடிதார் எடுத்து வைத்தாயிற்று. போவதற்கு எனக்கு விருப்பமில்லை.'

ஒரே பத்தி. ஒரே கருத்து. அடிப்பதற்கு ஒரு வரி இல்லை.

டீச்சரின் கண் தாளின் மேல் ஓரத்துக்குப் போனது. தேதி டிசம்பர் பதினொன்று.

"தமிழ்மொழி..." டீச்சர் பேனாவை மூடி வைத்தார். "நீ கிளாஸுக்குப் போம்மா. இவ பின்னாடி வருவா."

தமிழ்மொழி பெஞ்சை விட்டு அசையவில்லை.

"அவளை விட்டுட்டு எங்கேயும் போகக்கூடாதுன்னு பெரியப்பா சொல்லியிருக்காங்க, டீச்சர்."