டிரைவர் சீட்டின் புது உறை

தேவசகாயம் தன் பழைய காரின் சீட்டுகளைக் கழற்றி, வீட்டு வாசலில் வைத்துத் தானே புது உறை போடத் தொடங்கினார். சிவப்பு ரெக்சினைப் பார்த்ததும் டிரைவர் சீட்டுக்குத் தலைகால் புரியவில்லை.

"அண்ணே, நம்ம ரெண்டு பேருக்கும் உள்ளே ஸ்பிரிங் ஒடிஞ்சு கிடக்கு. அவர் அழுத்திப் பார்க்கும்போது முனகிக் காட்டுங்க," என்றது பின் சீட்டு.

"வாயை மூடு. உடைசல்னு தெரிஞ்சா காயலான் கடைக்குப் போட்டுருவார்."

அவர் அழுத்தியபோது டிரைவர் சீட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டது. பின் சீட்டு முனகியது. அவர் அதைப் பிரித்து, ஸ்பிரிங்கை மாற்றிய பிறகே உறை தைத்தார். அதுவரை டிரைவர் சீட்டு புது உறையோடு பளபளவென்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

முதல் பயணத்திலேயே கார் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. ஒடிந்த ஸ்பிரிங் ரெக்சினைக் கிழித்துக்கொண்டு வந்து குத்த, தேவசகாயம், "ஐயோ!" என்று துள்ளினார். மறுபடி பிரித்துத் தைக்க அவருக்குப் பொறுமையில்லை. வீட்டுக்கு வந்ததும் பழைய ஜமக்காளம் ஒன்றை மடித்து அந்தச் சீட்டை முழுக்க மூடிவிட்டார்.

அதற்கப்புறம் வண்டியில் ஏறியவர்கள் எல்லாம் பின் சீட்டைத் தடவி, "என்ன அழகான சிவப்பு!" என்றார்கள். டிரைவர் சீட்டு ஜமக்காளத்துக்கு அடியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது.